குவாண்டம் காந்தத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட எது சரி: திரவ நைட்ரஜனா, செம்புக் குழாயா, திராட்சையா, ரைஸ் குக்கரா?

பத்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், ஒரு மேசை, கையில் 40 நிமிடம். காந்தம் என்பது உள்ளுக்குள் ஒரு குவாண்டம் விஷயம், அதாவது அணு, எலக்ட்ரான் போன்ற மிகச் சிறியவற்றின் விதிகளால் நடப்பது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதுவும் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். எதை எடுத்துக்கொண்டு போவது? சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குச் சோதனைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான், இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் வேறு பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த மீக்கடத்திக்கு (மிகவும் குளிர்ந்தால் மின்தடை அறவே போய்விடும் பொருள்) மேல் காந்தம் மிதப்பது, யூடியூபில் "குவாண்டம் லெவிட்டேஷன்" என்ற பெயரில் எல்லோரும் பார்த்திருப்பது, அது முதல் வழி. செம்புக் குழாய்க்குள் போட்ட காந்தம் அவசரமே இல்லாமல் இறங்கி வருவது இரண்டாவது. திராட்சைப் பழத்தைக் காந்தம் தள்ளுவதும், காந்தங்களுக்கு மேலே மிதக்கும் கிராஃபைட் தகடும் சேர்ந்து மூன்றாவது. நான்காவது, சோறு வெந்ததும் "டக்" என்று தானாக அணைகிற எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். கடைசியாகச் சொன்னது இந்த வரிசையில் எப்படி வந்தது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எது அதிகம் கைத்தட்டு வாங்குகிறது என்று நான் பார்ப்பதில்லை. பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் என்ன, அது பெரிய வகுப்பில் யாரோ ஒருவர் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டிய எண்ணமா, அல்லது அப்படியே வைத்து அதன்மேல் கட்டிக்கொண்டு போகக்கூடியதா என்பதுதான் என் அளவுகோல். இந்த அளவுகோல் எனக்குச் சும்மா வரவில்லை. ஒரு பள்ளியில் மீக்கடத்தி காட்டிவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அருகே வந்து, "அக்கா, அந்தப் புகைதானே காந்தத்தைத் தூக்கிப் பிடிக்குது?" என்று கேட்டாள். நான் அரை மணி நேரம் பேசியிருந்தேன். அவள் ஒரு நொடி கூடக் கவனம் சிதறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் கண்ணுக்கு எது அங்கே நிஜமாகத் தெரிந்ததோ அதைவைத்து மிகச் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்: கறுப்பு வட்டு, அதைச் சுற்றி வெள்ளைப் புகை, புகைக்கு மேலே காந்தம். தப்பு என் பக்கம்.

சரி, மீக்கடத்தியையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நான்கிலும் ஆழமான விஷயம் அதுதான். 1911இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைச் சுமார் −269 டிகிரிக்குக் குளிரவைத்தபோது அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. 1933இல் மெய்ஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் பெர்லினில் இன்னொன்றைக் கண்டார்கள்: மீக்கடத்தி தனக்குள் ஏற்கெனவே புகுந்திருந்த காந்தப்புலத்தைக்கூட, குளிர்ந்தவுடன் வெளியே தள்ளிவிடுகிறது. தடை மட்டும் போயிருந்தால் இப்படி நடக்காது, உள்ளே இருந்த புலம் இருந்தபடியே உறைந்து நின்றிருக்கும். அதனால்தான் மெய்ஸ்னர் விளைவு தனியாகப் பெயர் பெற்றது. 1987இல் இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த ஒய்.பி.சி.ஓ. என்கிற கறுப்புப் பீங்கான் வந்த பிறகு இதற்கெல்லாம் திரவ ஹீலியம் தேவையில்லை என்றானது. அது சுமார் −180 டிகிரியிலேயே மீக்கடத்தியாகிவிடும், திரவ நைட்ரஜன் −196. அதனால்தான் இன்று ஒரு வகுப்பறை மேசைக்கே அதைக் கொண்டுவர முடிகிறது.

இதைக் காட்டுகிற பலர் "மீக்கடத்தி காந்தத்தைத் தள்ளுகிறது, அதனால் மிதக்கிறது, இதுதான் மெய்ஸ்னர் விளைவு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே சோதனையில் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கும் கட்டம் வரும், வட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுவது. காந்தம் வட்டுக்குக் கீழே, ஒரு விரல்கனம் இடைவெளி விட்டு, விழாமல் தொங்கும். தள்ளப்படுகிற பொருள் எப்படிக் கீழே தொங்கும்? தள்ளினால் விழுந்திருக்க வேண்டாமா? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் சொன்ன விளக்கத்தை என் கையாலேயே பொய்யாக்கிவிட்டேன், பிள்ளைகள் கைத்தட்டினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அங்கே நடப்பது வேறு. ஒய்.பி.சி.ஓ. போன்ற பொருள்களில், வலுவான காந்தம் அருகே இருக்கும்போது, காந்தப்புலம் முழுவதும் வெளியே போகாது. மெல்லிய இழைகளாக உள்ளே நுழைந்து, பொருளில் எங்கெல்லாம் குறை இருக்கிறதோ அங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும். இழைகள் மாட்டிக்கொண்டதால் வட்டு எந்த இடத்தில், எந்தச் சாய்வில் குளிர்ந்ததோ அதே நிலையில் நிற்க விரும்பும், மேலே தூக்கினாலும் எதிர்க்கும், கீழே இறக்கினாலும் எதிர்க்கும். குளிரவைக்கும்போது காந்தத்துக்கும் வட்டுக்கும் நடுவில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை வைத்து, குளிர்ந்த பிறகு உருவிவிட்டால், குச்சியின் கனம் அளவுக்கு இடைவெளி அப்படியே நிற்கும். இந்த இழைகள் இப்படி இருக்கும் என்று ரஷ்ய இயற்பியலாளர் அப்ரிகோசவ் 1957இல் கணக்குப் போட்டு எழுதினார், 2003இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

குவாண்டம் எங்கே இருக்கிறது என்றால் அந்த இழைகளில்தான். ஒவ்வோர் இழையிலும் உள்ள காந்தப் பாயத்தின், அதாவது அதன் வழியே போகும் மொத்தக் காந்தப்புலத்தின், அளவு ஒன்றே. பாதி இழை, முக்கால் இழை என்பதே கிடையாது. கோழி ஒரு முட்டை இடும், இரண்டு இடும், அரை முட்டை இடாது என்று பிள்ளைகளிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அளவு பிளாங்க் மாறிலியையும் (குவாண்டம் கணக்குகளில் வரும் ஒரு மாறாத எண்) எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் மட்டும் பொறுத்தது, வெள்ளீயமானாலும் காரீயமானாலும் பீங்கானானாலும் ஒரே அளவு. 1961இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் தனித்தனியாக இதை அளந்தார்கள். எவ்வளவு சிறியது என்று காட்ட நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, மைக்ரோ என்றால் அதில் 10 லட்சத்தில் ஒரு பங்கு), அதற்கு நேர்க்குறுக்காக ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகம் அளவு இடத்தை வைத்தால், அதன் வழியே போகும் பாயம் இப்படிப்பட்ட 20 லட்சம் இழைகளுக்குச் சமம். பிள்ளைகள் தங்கள் நகத்தையே உற்றுப் பார்ப்பார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் இத்தனையையும் சொல்லலாம், சொல்ல வேண்டும். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்வதைக் கோலாட்டத்தோடு ஒப்பிடுவேன். சாதாரணக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் போவது சந்தைக் கூட்டத்தில் போவதுபோல, இடித்துக்கொண்டும் முட்டிக்கொண்டும். மீக்கடத்தியில் ஜோடி சேர்ந்து, அத்தனை ஜோடியும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன, ஒரு ஜோடியை மட்டும் தனியாக இடறிவிட முடியாது, இடறினால் ஆட்டம் முழுவதையும் இடற வேண்டும். ஒய்.பி.சி.ஓ.வில் அந்த ஜோடிகளைச் சேர்த்து வைப்பது எது என்பது இன்னும் விஞ்ஞானிகளுக்குள் முடிவாகாத கேள்வி, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். பெரிய பிள்ளைகளுக்கு அதைக் கேட்டதும் முகம் மாறும்.

ஆனால் பத்து வயதுக்கு? அவர்களுக்கு மின்தடை இன்னும் பாடத்தில் வரவில்லை. −196 டிகிரி என்பது ஒரு எண், அவ்வளவுதான். அதோடு திரவ நைட்ரஜனை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும், மூடிய அறையில் அது ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இறுக மூடிய பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே வெடிக்கும். ஜன்னல் சாத்திய காரில் வைத்து எடுத்துப் போகவே கூடாது. கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்கு இது பழக்கமான பொருளாகவும் இருக்கும், கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை வைக்கும் கேனுக்குள் இருப்பது இதேதான், மூடியைத் திறந்ததும் புகை வருவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் பிள்ளை இந்தச் சோதனையை வீட்டில் ஒருநாளும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. கையில் எதுவும் மிஞ்சாது, ஞாபகத்தில் புகை மிஞ்சும்.

இன்னொன்று. மிதப்பதைக் காட்டிவிட்டு "ஜப்பான் ரயில் இப்படித்தான் மிதக்கிறது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. 2015இல் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடிய அந்த ரயிலில் மீக்கடத்திச் சுருள்கள் இருப்பது உண்மை, ஆனால் அவை வலுவான காந்தமாகத்தான் பயன்படுகின்றன. பக்கச்சுவரில் உள்ள சாதாரணச் சுருள்களில் ரயிலின் வேகம் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டத்தின் காந்தம் ரயிலைத் தூக்குகிறது, வேகம் குறைந்தால் சக்கரத்தில்தான் ஓட வேண்டும். ஷாங்காயில் ஓடும் ரயிலில் மீக்கடத்தியே இல்லை, சாதாரண மின்காந்தங்கள். மீக்கடத்தியின் பயனைச் சொல்ல வேண்டும் என்றால் ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனைச் சொல்லுங்கள், அதற்குள்ளே திரவ ஹீலியத்தில் குளிர்ந்திருக்கும் மீக்கடத்திக் கம்பிச் சுருள்தான் அந்தப் பெரிய காந்தம்.

செம்புக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு மீட்டர் குழாயில் ஒரு கூழாங்கல் அரை நொடிக்குள் விழுந்துவிடும், நியோடைமியம் காந்தம் (சின்னதாக இருந்தாலும் மிக வலுவான வகை) பல நொடி எடுத்துக்கொள்ளும், மேலிருந்து எட்டிப் பார்த்தால் அது நடுவில் நிதானமாக இறங்குவது தெரியும். அழகான சோதனை, மலிவு, ஆபத்தில்லை. ஆனால் அது குவாண்டம் இல்லை. ஃபாரடே 1831இல் கண்டதும் லென்ஸ் என்ற விஞ்ஞானி 1834இல் சொன்னதும்தான் அங்கே நடக்கிறது: காந்தம் நகர்ந்தால் செம்பில் சுழல் மின்னோட்டம் வரும், அது நகர்வை எதிர்க்கும். காந்தம் நின்றால் எதிர்ப்பும் நின்றுவிடும், அதனால் காந்தம் முழுதாக நிற்கவே நிற்காது. "குவாண்டம் காந்தம்" என்ற தலைப்பின் கீழ் இதைக் காட்டினால், தவறான பெட்டிக்குள் ஒரு நல்ல பொருளைப் போட்டு மூடியதாகும். மீக்கடத்தியைக் காட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம், "இது நகரும்போதுதான் தடுக்கிறது, அது நின்றபடியே பிடிக்கிறது" என்று.

திராட்சைக்கு வருகிறேன். எனக்கு இது மிகவும் பிடித்தது. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு திராட்சையைக் குத்தி, நடுவில் தையல் நூல் கட்டி, நாற்காலிக் கையிலிருந்து தொங்கவிட வேண்டும். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஸ்ட்ரா அசைவில்லாமல் நிற்கும்வரை எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முப்பது பிள்ளைகள் ஒரு திராட்சைக்காக அமைதியாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை நான் வேறு எந்தச் சோதனையிலும் பார்த்ததில்லை. அப்புறம் வலுவான நியோடைமியம் காந்தம் ஒன்றைத் திராட்சைக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோனால், முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு திராட்சை மெதுவாக விலகிப் போகும். அப்போது கட்டாயம் யாராவது, "காந்தத்தைத் திருப்பிப் பிடிங்க அக்கா, இப்ப இழுக்கும்" என்பார்கள். வட துருவம் தள்ளினால் தென் துருவம் இழுக்க வேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். திருப்பிப் பிடித்தால் மறுபடியும் தள்ளும். அவர்கள் அதுவரை அறிந்திருந்த காந்தப் பாடம் இங்கே போதவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது, நான் வாயைத் திறக்கும் முன்பே.

இது டயாகாந்தம், பிளஸ் டூ புத்தகத்தில் வரும். தண்ணீர், கிராஃபைட், மீக்கடத்தி மூன்றும் காந்தப்புலத்தை எதிர்ப்பவைதான், அளவுதான் வேறு: தண்ணீரின் எதிர்ப்பு 10 லட்சத்தில் 9 பங்கு, பைரோலிட்டிக் கிராஃபைட் என்கிற அடுக்குத் தகட்டில் 10 லட்சத்தில் சில நூறு பங்கு, மீக்கடத்தியில் 10 லட்சத்துக்கு முழு 10 லட்சம். கிராஃபைட் தகடு நான்கு சின்னக் காந்தங்களை வடக்கு மேலே, தெற்கு மேலே என்று மாற்றி மாற்றி வைத்த சதுரத்துக்கு மேலே, குளிர் எதுவும் இல்லாமல், சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும், அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து எடுத்துக் காட்டலாம். நெதர்லாந்தின் நைமேகனில் ஆந்த்ரே கைம் 1997இல் 16 டெஸ்லா காந்தத்துக்குள் உயிருள்ள தவளையை மிதக்கவைத்ததும் இதே தள்ளல்தான், தவளையும் பெரும்பாலும் தண்ணீர்தானே. பின்னால் 2010இல் ஒரே அணு கனமுள்ள கரித்தாளான கிராஃபீனுக்காக நோபல் பரிசு வாங்கியதும் அதே கைம்தான். தவளைக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்பது தவளைக்கு என்ன ஆயிற்று என்று. ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "ஏன் தள்ளுகிறது?" என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில், எலக்ட்ரான் வட்டப்பாதையில் ஓடுகிறது, வெளிக்காந்தம் வந்தால் லென்ஸ் விதிப்படி எதிர்க்கிறது என்பது. அந்தப் பதில் பாதி தூரம்தான் போகும். நீல்ஸ் போர் 1911இல் தன் ஆய்வேட்டிலும், லைடனில் ஹெண்ட்ரிகா யோஹன்னா வான் லீவென் 1919இல் தன் ஆய்வேட்டிலும் காட்டியது, மின்னூட்டங்கள் குவாண்டத்துக்கு முந்தைய பழைய இயற்பியல் விதிகளுக்கு மட்டும் கட்டுப்பட்டு ஓடினால், வெப்பச் சமநிலையில் உள்ள எந்தப் பொருளுக்கும் மொத்தக் காந்தத்தன்மை பூஜ்யமாகிவிடும் என்று. திராட்சை தள்ளப்படாது, ஃபிரிட்ஜ் கதவில் பொம்மை ஒட்டாது. குவாண்டம் இல்லாமல் காந்தமே இல்லை, இதைவிடப் பெரிய செய்தி இந்தத் தலைப்பில் வேறு இல்லை. ஆனால் திராட்சையிலிருந்து அந்தச் செய்திக்குப் போகும் பாதை பத்து வயதுப் பிள்ளைக்கு நீளமானது. "இரண்டு பக்கமும் தள்ளுகிறதே" என்ற வியப்போடு நிற்கலாம், அது நல்ல இடம், அழிக்க வேண்டியதில்லை. விளக்கம் வேண்டுமென்றால் வேறு பொருள் தேவை.

அந்தப் பொருள்தான் ரைஸ் குக்கர். டிஜிட்டல் திரை வைத்தது வேண்டாம், முன்பக்கம் அழுத்தும் லீவர் வைத்த பழைய மாதிரி. பாத்திரத்தை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், சூடாகும் தட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு வட்டக் குமிழ் தெரியும். அதற்குள் ஒரு ஃபெரைட் துண்டு (இரும்பு ஆக்சைடு கலந்த, காந்தத்தில் ஒட்டும் பீங்கான்), அதற்குக் கீழே ஒரு காந்தம். லீவரை அழுத்தினால் காந்தம் மேலே போய் ஃபெரைட்டில் ஒட்டிக்கொள்ளும், சுவிட்ச் ஆன். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு ஏறும், 100க்குச் சற்று மேலே போனதும் அந்த ஃபெரைட் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும், காந்தத்தால் பிடித்துக்கொள்ள முடியாது, ஸ்பிரிங் இழுத்துவிடும், டக். காந்தத்தன்மை கலைகிற அந்தச் சூட்டுக்குத்தான் கியூரி வெப்பநிலை என்று பெயர். பியேர் கியூரி 1895இல் ஆராய்ந்தது, நம் சமையலறையில் தினமும் காதில் விழுவது.

வகுப்பில் நான் செய்வது: பாத்திரத்தில் 100 மில்லி தண்ணீர் மட்டும், அரிசி இல்லாமல். 700 வாட் குக்கரில் அது வற்ற ஏழெட்டு நிமிடம் ஆகும், அதற்குள் பேச வேண்டியதைப் பேசலாம். டக் என்றதும் உடனே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு லீவரை மறுபடி அழுத்தச் சொல்வேன். நிற்காது. அழுத்தும்போது இறங்கும், விரலை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு மேலே வரும். இன்னொரு முறை, இன்னொரு முறை, நிற்கவே நிற்காது. பிறகு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து அழுத்தினால், கடக்கென்று பிடித்துக்கொள்ளும். காந்தத்தன்மை போனதையும் திரும்பி வந்ததையும் பிள்ளை தன் விரல்நுனியில் உணர்கிறது. மீக்கடத்தியில் கிடைக்காதது இது. பழைய சாமான் கடையில் வாங்கிய உடைந்த குக்கர் ஒன்றின் அடிப்பாகத்தைத் திறந்து, அந்தக் குமிழைக் கழற்றித் தனியாகவும் வைத்திருக்கிறேன், மின்சாரம் இல்லாமல் கையால் பிரித்து ஒட்டிப் பார்க்க. ஓடுகிற குக்கரை யாரும் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இதில் குவாண்டம் எங்கே? "ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம், ஒன்றையொன்று இழுத்து வரிசையில் நிற்கின்றன" என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி தவறு. அணுக்களுக்கு நடுவே உள்ள அந்தக் காந்த இழுப்பு மிகச் சோனி, அதை மட்டும் நம்பினால் −273ஐத் தாண்டி ஒரு டிகிரி ஏறுவதற்குள்ளேயே வரிசை கலைந்துவிடும். இரும்பு 770 டிகிரி வரை வரிசையைக் காப்பாற்றுகிறது, நிக்கல் 358 வரை. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வலுவான வேறு ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று, குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க் 1928இல் சொன்னார், அதைப் பிள்ளைகளுக்கு நான் பஸ் சீட்டாகச் சொல்கிறேன்.

எலக்ட்ரான்களுக்கு ஒரு விதி: ஒரே பக்கம் பார்க்கும் இருவர் ஒரே சீட்டில் உட்காரவே கூடாது. எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும் இருவர் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். ஆனால் எலக்ட்ரான்களுக்கு ஒன்றையொன்று பிடிக்காது, நெருங்கினால் மின்விசை தள்ளும். அப்படியென்றால் எது வசதி? எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துவிட்டால் விதியே அவர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துவிடும், நெருக்கடி இல்லை. பெஞ்சுகளில் பிள்ளைகளையே உட்காரவைத்து இதை விளையாடலாம், மூன்று நிமிடத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துவிடுவார்கள். அவர்களை யாரும் இழுக்கவில்லை. அதுதான் நான் சொல்ல விரும்புவது, காந்தத்தை வரிசையில் நிறுத்துவது காந்த இழுப்பு இல்லை, இந்த இருக்கை விதி. சூடு ஏறினால் என்ன ஆகும்? பஸ் குண்டும் குழியுமான ரோட்டில் போகிறது, எல்லோரும் குலுங்குகிறார்கள், ஓரளவுக்கு மேல் யாரும் எந்தப் பக்கமும் நிலையாகப் பார்க்க முடியவில்லை, டக்.

"அப்படின்னா செம்பு ஏன் ஒட்டலை?" என்ற கேள்வி வரும், வர வேண்டும். தள்ளி உட்கார வேறு சீட் வேண்டும், அந்த சீட்டுக்கு டிக்கெட் விலை அதிகம். பெரும்பாலான உலோகங்களில் அந்த விலை கட்டுபடியாகாது, இரும்பு, கோபால்ட், நிக்கலில் ஆகும். கடோலினியத்தில் சுமார் 20 டிகிரி வரைதான் ஆகும், சென்னை வெயிலில் அதன் பிடி தளர்ந்துவிடும், ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் காந்தத்தில் நன்றாக ஒட்டும். குக்கரில் உள்ள ஃபெரைட்டில் விஷயம் இன்னும் ஒரு சுற்று கூடுதல்: அதில் அண்டை அணுக்கள் சில எதிர்ப்பக்கம் பார்க்கும், ஒரு பக்கத்தின் கை ஓங்கியிருப்பதால் மிச்சக் காந்தம் கிடைக்கிறது, நடுவில் ஆக்சிஜன் தரகு வேலை பார்க்கிறது. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், கேட்கும் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். விதி அதேதான்.

பம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எலக்ட்ரான் பக்கம் பார்ப்பதற்குப் புத்தகத்தில் தற்சுழற்சி (ஸ்பின்) என்று பெயர், அதைக் கேட்டதும் எல்லோரும் பம்பரத்தைத்தான் எடுக்கிறோம். 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அந்த யோசனையைச் சொன்னபோதே, உருண்டை நிஜமாகச் சுழன்றால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டியிருக்கும் என்று மூத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ் கணக்கோடு காட்டிவிட்டார். பம்பரம் எப்படி வேண்டுமானாலும் சாயும். எலக்ட்ரான் அப்படியில்லை, 1922இல் ஃபிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களை (அவற்றின் காந்தத்தன்மை ஒரே ஓர் எலக்ட்ரானால் வருவது) காந்தத்துக்கு நடுவே விட்டபோது அவை இரண்டே இரண்டு கோடாகப் பிரிந்தன, நடுவில் எதுவும் விழவில்லை. அதனால் நான் "சுழல்கிறது" என்பதை விட்டுவிட்டு "பக்கம் பார்க்கிறது" என்கிறேன், எப்போது கேட்டாலும் மேலே அல்லது கீழே என்று இரண்டே பதில்.

ஆக முடிவு. பதினொரு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் திராட்சையில் தொடங்கி, குக்கரில் முடியுங்கள், 40 நிமிடம் சரியாக இருக்கும். குக்கரில் தண்ணீரை ஊற்றி ஆன் செய்துவிட்டுத் திராட்சையைத் தொங்கவிட்டால், திராட்சை முடியும் நேரத்துக்கு டக் சத்தம் வந்து அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கிராஃபைட் தகடு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மேல், பயிற்சி உள்ள ஒருவர் நைட்ரஜனைக் கையாள முடியும், அறை காற்றோட்டமானது என்றால் மீக்கடத்தியைக் காட்டுங்கள், ஆனால் செம்புக் குழாயை முதலில் காட்டி, வட்டைத் தலைகீழாகத் திருப்பிய பிறகே விளக்கத்தைத் தொடங்குங்கள், முதல் வார்த்தை "தள்ளுகிறது" என்று இருக்க வேண்டாம். புகை முழுதாக அடங்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து, புகை இல்லாமலும் காந்தம் நிற்பதைக் காட்டிவிடுங்கள். அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் அன்று செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

நியோடைமியம் காந்தங்களை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும், சின்னத் தம்பி தங்கை உள்ள வீட்டுக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது. வீட்டில் செய்து பார்க்கக் குக்கர் போதும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால்.